செல்லூர் என்னும் பெயரும் ஆப்பனூர் என்னும் உரிமையும்

நம் மதுரைச் செல்லூரின் இறைவன் ஆப்புடையார். வேட்டைக்கு வந்த பாண்டிய மன்னனுக்காக அமைச்சர் நட்ட ஆப்பு சிவலிங்கமான வரலாற்றை நம் வீட்டுப் பிள்ளைகளும் சொல்வார்கள்; அதை விடுத்து மேலே செல்கிறேன்.

சங்க நூலில் செல்லூர்

அகநானூற்றின் 90, 220 ஆகிய இரு பாட்டுகளில் செல்லூர் வருகிறது. இரண்டையும் பாடியவர் மதுரை மருதன் இளநாகனார். முதன்முதலாக இதைக் கண்ட இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. பாடியவர் மதுரைப் புலவர், பாடிய ஊர் செல்லூர், இனி வேறு சான்று எதற்கு என்று பக்க ஓரத்தில் ‘நம் ஊர்’ எனப் பென்சிலால் எழுதி வைத்தேன்.

நிதானமாகப் படித்தபோது அந்தக் குறிப்பை நானே அழித்தேன். 90ஆம் பாட்டு செல்லூருக்குக் கிழக்கே நியமம் என்னும் ஊரைக் காட்டுகிறது, கோசர் என்னும் குடியினரைப் பேசுகிறது. 220ஆம் பாட்டிலோ அணையாத் தீயுடைய செல்லூர் வருகிறது. மழுவாள் நெடியோனாகிய பரசுராமர் அரிதின் முயன்று முடித்த வேள்வியும் வருகிறது. வைகையோ ஆலவாயோ இரண்டிலும் இல்லை. அகநானூற்றை அடுக்கிய முறைப்படி 10, 20, 30 என வரும் எண்கள் நெய்தல் திணைக்கு உரியவை. இவ்விரண்டும் கடலும் கடற்கரையும் சார்ந்த நெய்தற் பாட்டுகளே. கேரளத்தின் தளிப்பறம்புக்குப் பெருஞ்செல்லூர் என்பது பழம்பெயர். பரசுராமர் கதை வழங்கும் அந்தப் பதியையே அறிஞர் சிலர் சங்கச் செல்லூராகக் கொள்கின்றனர்.

பெயர் ஒன்று, ஆள் வேறு

ஊர்ப் பெயரைப் போலவே ஆட்பெயரும் மயங்கும். சங்கக் கபிலர் வேறு, பதினோராம் திருமுறையின் கபிலதேவ நாயனார் வேறு. நக்கீரருக்கும் பரணருக்கும் இதே நிலைதான். இந்த மயக்கம் வராமலிருக்கவே முன்னோர் ஊரையும் தொழிலையும் பெயரோடு சேர்த்தனர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற பெயரைப் பாருங்கள். அறுவை என்றால் துணி. தறிச் சத்தத்தில் வளர்ந்த நமக்கு அந்தப் புலவர் உறவினர் போலத் தோன்றுகிறார்.

கோயில்களும் அப்படியே. மதுரையின் பெரிய கோயில் திருவாலவாய். சிம்மக்கல் பழைய சொக்கநாதர் கோயில் வடதிருவாலவாய். தென்திருவாலவாய் என்று இன்னொன்றும் உண்டு. திசையைச் சேர்த்ததால் மூன்றும் தத்தம் பெருமையோடு நிற்கின்றன. பாவு ஒன்றே ஆனாலும் ஊடை மாறினால் துணி வேறு என்பது நெசவு வீட்டார் அறிந்ததே.

நமக்கே உரியது

அப்படியானால் நமக்கு என்ன மிஞ்சுகிறது? நம் ஊரின் இன்னொரு பெயரான ஆப்பனூர் மிஞ்சுகிறது! திருஞானசம்பந்தப் பெருமான் முதல் திருமுறையில் 88ஆம் பதிகமாகப் பாடியருளிய பெயர் அது. பாண்டி நாட்டின் 14 பாடல் பெற்ற தலங்களில் நம்முடையதும் ஒன்று. இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்திலும் ஓர் ஆப்பனூர் உண்டு. அவ்வூராரை உடன்பிறந்தாராக மதிப்போம். ஒரு மர ஆப்பு இறைவனுக்குப் பெயராகி, இறைவன் பெயர் ஊருக்கும் ஆனது. இதைவிட எளிமையான, இதைவிட உயர்ந்த பெயர்க்காரணம் எந்த ஊருக்கு வாய்க்கும்?

ஆகவே அன்பர்களே, அடுத்த ஊரின் வேள்வித் தீயை நம் ஊருக்கென்று கேட்க வேண்டாம். இனி அச்சிடும் திருமண அழைப்பிதழில் ‘திருவாப்பனூர் என்னும் செல்லூர்’ என்று எழுதுங்கள். வீட்டுக் குழந்தைக்கு அந்தப் பதிகத்தில் ஒரு பாட்டையாவது மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். சம்பந்தர் வாயில் பிறந்த பெயர் நம் வாயில் மறையக்கூடாது.