எண்ணூர் அமோனியா கசிவு: முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா?

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்த மக்கள் கண் எரிச்சல், மூச்சுத் திணறலோடு எழுந்து ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

எங்கிருந்து கசிந்தது?
கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலில் வந்த அமோனியா, அப்போது கடலுக்கடியில் இருந்த குழாய் வழியாகத்தான் கரைக்கு வந்தது. கசிந்தது அந்தக் குழாய். மிக்ஜாம் புயலில் பாறாங்கற்கள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு.

கருவி காட்டிக்கொடுக்காதா?
காட்டும். குழாயில் ஏறும் அளவும் இறங்கும் அளவும் ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் வந்தாலோ, அழுத்தம் சரிந்தாலோ அலாரம் அடிக்கும்.

அப்புறம் என்ன சிக்கல்?
அமோனியா மைனஸ் 33 டிகிரி குளிரில் திரவமாக வருகிறது. அதனால் இறக்குவதற்கு முன்பே குழாயையும் குளிர வைப்பாங்க. கசிவு நடந்தது அந்த நேரத்தில்தான். குளிர்விக்கும்போது அழுத்தம் இயல்பாகவே ஏறி இறங்கும். சின்ன கசிவு அதில் மறைந்துபோகலாம். அன்றைக்கு அழுத்தம் குறைந்ததை ஆலை கவனித்தபோது, நெடியும் வந்துவிட்டது.

என்ன செய்யணும்?
அழுத்தமானியை மட்டும் நம்பக் கூடாது. கரையோரம் அமோனியா சென்சார்கள் வேண்டும். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும், குழாயைப் பயன்படுத்தும் முன் கடலுக்கடியில் சோதிக்க வேண்டும்.

முக்கியமாக, அலாரம் ஆலைக்குள் மட்டும் அடித்தால் போதாது. குப்பத்து வீடுகளுக்கும் கேட்கணும். மூக்கு எரிந்த பிறகு தெரிந்தால், அது முன்னெச்சரிக்கை இல்லை.