லயமும் லாயமும்

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த குதிரை ஒன்றுதான். மதுரைவீரன் கோயில் வாசலில் முன்னங்காலைத் தூக்கி நின்ற சிமெண்டுக் குதிரை. ஜாசின் பக்கம் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயம் காலியான பிறகும் அது அப்படியே நின்றது.

“எங்கப்பா நெசக் குதிரையவே பாத்துக்கிட்டவருடா” என்பார் தாத்தா. துரையின் குதிரைக்குத் தண்ணி காட்டி, தேய்த்துவிட்டு, சேணம் பூட்டிக் கொடுக்கிற வேலை. ஏறியிருக்காரா என்று ஒருமுறை கேட்டேன். “ஏறவா? கயித்தப் புடிச்சிக்கிட்டுக் கூடவே நடந்தாரு.”

2021-இல் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தபோது டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈவென்டிங் போட்டியைப் பார்த்தேன். ஒரே குதிரை, ஒரே ஆள், மூன்று சோதனைகள். முதலில் டிரெஸ்ஸாஜ், அதாவது ஒழுங்குநடை. அடுத்தது கிராஸ் கன்ட்ரி. மேடு, பள்ளம், தண்ணீர், மரக்கட்டை எல்லாவற்றையும் தாண்டி ஓட வேண்டும். கடைசியில் தடை தாண்டல்.

இது ராணுவக் குதிரைகளைச் சோதிக்கப் பிறந்த போட்டி. ஒலிம்பிக்கில் 1912 ஸ்டாக்ஹோமில் நுழைந்தது. குதிரையேற்றப் போட்டிகளில் 1948 வரை ராணுவ அதிகாரிகளுக்கும் ‘கனவான்’களுக்கும்தான் இடம். அந்த ஆண்டு லண்டனில் சுவீடன் அணி டிரெஸ்ஸாஜில் தங்கம் வென்றது. அணியில் இருந்த பெர்சன் உண்மையில் சார்ஜண்ட், போட்டிக்காகத் தற்காலிகமாக அதிகாரி ஆக்கப்பட்டவர் என்பது தெரிந்ததும் தங்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1952-இல் விதி மாறியது. அதே பெர்சன் அந்த ஆண்டும் 1956-இலும் அணியோடு தங்கம் வாங்கினார். ஏறத் தெரிந்தால் போதாது, ஏறத் தகுந்தவனாகவும் இருக்க வேண்டும் என்ற கணக்கு துரைமாருடைய தோட்டத்தில் மட்டும் இருந்ததில்லை.

இந்தியாவில் 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் ஈவென்டிங்கில் தனிநபர் தங்கம் வென்றார். அதற்குப் பிறகு தனிநபர் பதக்கத்துக்கு 36 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2018 ஜகார்த்தாவில் பெங்களூர்க்காரர் ஃபவாத் மிர்ஸா, சென்யோர் மெடிகாட் என்ற குதிரையில் வெள்ளி எடுத்தார். டோக்கியோவில் நான் பார்த்ததும் அதே ஜோடிதான். 7 நிமிடம் 45 விநாடியில் முடிக்க வேண்டிய கிராஸ் கன்ட்ரியை 28 விநாடி தாமதமாக முடித்தார்கள். விநாடிக்கு 0.4 வீதம் 11.2 தண்டப்புள்ளி. கடைசியில் 23-ஆம் இடம்.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. கிராஸ் கன்ட்ரிக்கு முன்பு, ஓட்டுபவர் அந்தத் தடம் முழுவதையும் நடந்தே பார்க்கிறார். பயிற்றுநரும் கூட நடப்பார். மிர்ஸாவுக்கு ஜெர்மனியில் பயிற்சி கொடுத்தவர் 2012 ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற சாண்ட்ரா ஆஃபார்த். எங்கே மண் இளகியிருக்கிறது, எத்தனை எட்டில் குதிரை எழும்ப வேண்டும் என்பதையெல்லாம் காலால் அளந்து மனசில் வைக்க வேண்டும். குதிரைக்கு அந்தத் தடைகளைக் காட்டுவதில்லை. அது பாய்ந்து வரும்போதுதான் முதல்முறையாகப் பார்க்கும். கிளம்பிவிட்டால் பயிற்றுநரும் வாய் திறக்கக் கூடாது.

அப்போதுதான் பூட்டனின் நடை எனக்கு உறைத்தது. எந்தக் கல்லில் குளம்பு வழுக்கும், எந்த வாய்க்காலில் குதிரை மிரளும் என்று துரையைவிட அவருக்குத்தான் தெரிந்திருக்கும். பால்மரம் சீவியவர்களைப் பற்றிக் கதைகள் எழுதியிருக்கிறோம். லாயத்தில் படுத்தவர்களைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை. ‘சைஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் முடிந்துபோனவர்கள் அவர்கள்.

போன தைப்பூசத்துக்குத் தோட்டத்துப் பக்கம் போயிருந்தேன். சிமெண்டுக் குதிரைக்குப் புதுசாக வெள்ளையடித்திருந்தார்கள். வீரன் மேலே உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு யாரும் இல்லை.