துரும்பும் பஞ்சும்

மதுரை வட்டாரத்துச் சில சமூகங்களில், ஊரார் கூடிய இடத்தில் கணவன் ஒரு துரும்பைக் கிள்ளி மனைவியின் கையில் கொடுத்துவிட்டால் அவ்வளவோடு தாம்பத்தியம் தீர்ந்தது என்று கொள்ளும் சம்பிரதாயம் ஒரு காலத்தில் இருந்தது. துரும்பு கொடுத்தல் என்றால் விலக்குதல், துரும்பு வாங்குதல் என்றால் அதற்கு இசைதல் என்று பேச்சுவழக்கிலேயே பொருள் ஏறியிருந்ததை ஆங்கிலேய அதிகாரிகளும் தங்கள் நூல்களில் குறித்திருக்கிறார்கள். வயசுப் பெண்ணானால் அறுத்துக் கட்டிக்கொள்ள அந்தச் சமூகங்களில் தடையில்லை. நாற்பதைக் கடந்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, பிள்ளையும் தனிக் குடித்தனம் போனபிறகு துரும்பு வாங்கியவள் மறுநாள் காலையில் எங்கே போனாள், யாரோடு பேசினாள் என்று விசாரிக்க அந்தக் கனவான்களுக்குத் தோன்றவில்லை. துரும்போடு அவர்கள் ஏட்டை மூடிவிட்டார்கள்.

இப்படித் தனித்துப் போனவர்கள் காலங்காலமாகப் பஞ்சிடம் போனார்கள். நற்றிணையிலே மலைமுகட்டில் படியும் மென்மேகத்துக்கு உவமையாக வருவது நுண்ணிய நூல். அதை முயன்று நூற்றவர்களை அந்தப் பாட்டு ஆளில் பெண்டிர் என்றே அழைக்கிறது. புறநானூற்றில் வரும் பருத்திப் பெண்டு ஒருத்தியின் காட்சி எனக்கு இதைவிட நெருக்கமானது. நள்ளிரவில் காட்டுப்பூனையைக் கண்டு ஓர் இளம் பேடைக்கோழி உயிர் நடுங்கிக் கத்துகிறது. பஞ்சில் சிக்கிய செத்தையைப் புடைத்து நீக்க எழுந்திருந்த அந்தப் பெண்ணின் சிறுவிளக்கு வெளிச்சத்திலே தன் சேவலின் கொண்டையைக் கண்டுதான் அது அமைதி அடைகிறது. அவளுக்கு வீட்டில் துணை உண்டா என்று புலவர் சொல்லவில்லை. கோழிக்குத் துணை காட்டிய விளக்கை மட்டும் சொல்லி அப்பால் போய்விடுகிறார்.

கௌடில்யரோ எதையும் சொல்லாமல் விடுகிறவர் அல்லர். அர்த்தசாஸ்திரத்திலே நூல் வேலைக்கென்று ஓர் அத்தியக்ஷனை நியமித்து, விதவைகள், அங்கஹீனமான பெண்கள், சந்நியாசினிகள் முதலியோருக்கு நூற்கும் வேலை தரவேண்டும் என்று விதிக்கிறார். கணவன் தேசாந்தரம் போனதால் வெளியே நடமாடாமல் ஜீவனம் செய்கிறவர்களுக்கு வேலைக்காரிகள் மூலம் பஞ்சை அனுப்பவேண்டும். விடியற்காலையில் தாமே நூற்சாலைக்கு வரும் பெண்களிடம் நூலை வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுத்துவிட வேண்டும். நூலைச் சோதிக்கப் போதுமான வெளிச்சத்துக்கு மேல் விளக்கு கூடாது. அவர்களுடைய முகத்தை உற்று நோக்கினாலும், வேறு காரியங்களைப் பற்றிப் பேசினாலும் உத்தியோகஸ்தனுக்கு அபராதம். மானத்தைக் காக்கும் விதிதான், சந்தேகமில்லை. ஆனால் இருட்டோடு எழுந்து அவ்வளவு தூரம் நடந்து வந்த ஒரு நடுவயது ஸ்திரீ, கூலியைவிட அந்த வேறு பேச்சுக்காகவே வந்திருக்கவும் கூடுமே என்ற ஐயம் அந்த மகா மேதைக்கு எழவில்லை.

பிறகு இயந்திர நூல் வந்தது. 1828-ஆம் வருஷத்தில் வங்காளத்துச் சாந்திபூரிலிருந்து ஒரு விதவையின் பெயரால் 'சமாசார தர்ப்பணம்' பத்திரிகையில் ஒரு முறையீடு வெளியாயிற்று. ராட்டினத்தாலேயே பெண்களை வளர்த்து விவாகம் செய்துவைத்ததாகவும், மாமனாரின் சிராத்தத்தையும் அந்த வருமானத்திலேயே நடத்தியதாகவும், இப்போது சீமை நூல் வந்தபின் தன் நூலைச் சீந்துவாரில்லை என்றும் அதில் சொல்லியிருந்தது. நம் பக்கத்திலும் கதை அதுவே. 1876-ல் சென்னை பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில்லும், 1888-ல் கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் மில்லும் எழும்பியபோது, மில் நூலை வாங்கித் தறியில் ஏற்றி நெசவாளர் ஒருவாறு பிழைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரு இருந்தது, பஞ்சாயத்து இருந்தது, மனு எழுதிக்கொடுக்க ஆள் இருந்தது. நூற்றவர்களோ வீட்டுக்கு ஒருத்தியாகப் பின்கட்டுகளில் சிதறிக் கிடந்தவர்கள். அவர்கள் ராட்டை பரணுக்கு ஏறியது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரிந்திராது.

சட்டம் தன் வழியே மெல்ல நடந்தது. கைவிடப்பட்ட மனைவிக்கு 1898-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவு மாதம் 50 ரூபாய்க்கு மேற்படாமல் ஜீவனாம்சம் வழங்க இடங்கொடுத்தது. 1923-ல் அது 100 ரூபாய் ஆயிற்று. சென்னை மாகாணத்தில் 1949-லும், தேச அளவில் 1955-லும் வந்த சட்டங்கள் ஹிந்து ஸ்திரீகளுக்கு விவாக விலக்கின் கதவைத் திறந்தன. கதவுக்கு வெளியே வந்தவளை 'வாழாவெட்டி' என்று அழைக்க மட்டும் எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

1925-ல் அகில பாரத சர்க்கா சங்கம் ஏற்பட்டுத் திருப்பூர் அதன் தமிழ்நாட்டுக் கேந்திரமாக விளங்கிய பின்னர், சுற்றுவட்டாரக் கிராமங்களில் ராட்டைகள் பரணிலிருந்து இறங்கின. எட்டு மணி நேரம் நூற்பவளுக்கு எட்டணாவாவது கிடைக்கவேண்டும் என்று 1935-ல் காந்தியடிகள் வாதாடினார். சங்கத்தால் நிர்ணயிக்க முடிந்தது ஏறக்குறைய மூன்றணாதான். அந்த மூன்றணா உலகத்தைச் சேர்ந்தவர் எங்கள் அத்தை. கணவர் வேறொரு குடித்தனம் ஏற்படுத்திக்கொண்டபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயசு. துரும்பும் கொடுக்கவில்லை, ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பகலெல்லாம் வீட்டு வேலை. இராத்திரி எல்லோரும் படுத்தபின் தாழ்வாரத்தில் ராட்டை கேட்கும். வலக்கை சக்கரத்தைச் சுற்ற, இடக்கை பஞ்சுப் பட்டையைப் பிடித்துக்கொண்டு தோளுக்கு மேலே மெல்ல உயர்ந்து, ஒரு கணம் நின்று, இழையைக் கதிரில் விட்டுக்கொண்டே இறங்கும். அந்த ஒரு கணத்தில் ராட்டையின் ஓசையும் நின்றுபோகும். விழித்துக்கொண்டிருக்கும் நான், இழை அறுந்ததா, அத்தை அழுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன்.

செவ்வாய்க்கிழமை தோறும் சிட்டங்களை ஈரத் துண்டில் சுற்றி இடுக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்து கதர் வஸ்திராலயத்துக்குப் போவார். நூலை நிறுத்து, கூலியைக் கணக்கிட்டு, புதிய பட்டையைப் பெற்றுக்கொள்ள அரை மணிக்கு மேல் ஆகாது. அவர் திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

ஒரு தடவை என் தாயார், "அண்ணி, அடுத்த மாசத்திலிருந்து ஆளை அனுப்பி நம்ம வீட்டிலேயே நூலை வாங்கிக்குவாங்களாம். இந்த வெயில்லே நீங்க நடக்க வேண்டாம்" என்றார்.

அத்தை துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். "அவுங்க வந்தா வரட்டும். எனக்கு நடக்கறது ஒண்ணும் கஷ்டமில்லே" என்றார். சற்றுப் பொறுத்து, "அங்கே ஒரு புளியமரம் இருக்குது" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன். மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் மடியில் சிட்டத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அத்தை வருவதைப் பார்த்ததும் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள்.