சகா வலையமைப்புகளில் இணைப்பு உருவாகும் முறையின் வரலாறு

பியர்-டு-பியர் எனப்படும் சகா வலையமைப்பில், தரவு ஒரு வழங்கியின் ஊடாகச் செல்லாமல் கணினிகளுக்கு இடையே நேரடியாகப் பரிமாறப்படுகிறது. இதில் இணையும் ஒவ்வொரு கணினியும் ஒரு சகா ஆகும். புதிதாக வரும் சகா மற்றச் சகாக்களின் முகவரிகளை எவ்வாறு அறிவது என்பதே இவ்வமைப்பின் அடிப்படைச் சிக்கல்.

மையப் பட்டியல்

1999இல் ஷான் ஃபானிங் உருவாக்கிய நாப்ஸ்டரில், யாரிடம் எந்த இசைக்கோப்பு உள்ளது என்ற பட்டியலை நிறுவனத்தின் வழங்கிகள் வைத்திருந்தன. கோப்பு மட்டும் பயனர்களுக்கு இடையே நேரடியாகச் சென்றது. தேடல் விரைவாக இருந்தது. ஆனால் பதிப்புரிமை வழக்கின் விளைவாக 2001 சூலையில் அவ்வழங்கிகள் நிறுத்தப்பட்டபோது முழு வலையமைப்பும் நின்றது.

பரவும் வினவல்

2000 மார்ச்சில் நல்சாஃப்ட் நிறுவனத்தின் ஜஸ்டின் ஃபிராங்கல், டாம் பெப்பர் ஆகியோர் நுட்டெல்லாவை வெளியிட்டனர். தாய் நிறுவனமான ஏஓஎல் அதை மறுநாளே நிறுத்தியது. எனினும் அதன் நெறிமுறையை ஆராய்ந்து அறிந்த பிறர் புதிய மென்பொருள்களை எழுதினர். நுட்டெல்லாவில் மையப் பட்டியல் இல்லை. ஒரு சகாவின் வினவல் அண்டைச் சகாக்களுக்கும், அவர்கள் வழியாக அவர்களின் அண்டையருக்கும் பரவியது. பெரும்பாலும் 7 தாவல்களுடன் வினவல் நிறுத்தப்பட்டது. பயனர் கூடக்கூட வினவல்களின் நெரிசலே பெருஞ்சுமையானது.

பகிர்ந்த பட்டியல்

2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டொரெண்டில், ஒரே கோப்பைப் பகிர்வோரை டிராக்கர் என்னும் வழங்கி அறிமுகப்படுத்தியது. 2002இல் பெதார் மேமுன்கோவ், டேவிட் மேசியர் ஆகியோர் வெளியிட்ட கடெம்லியா முறை, பட்டியலையே சகாக்களிடம் பிரித்துக் கொடுத்தது. ஒவ்வொரு சகாவுக்கும் 160 பிட் அடையாள எண் உண்டு. இரு எண்களுக்கு இடையிலான தொலைவு எக்சார் கணிப்பால் அளக்கப்படுகிறது. தேடும் சகா, தான் அறிந்தவர்களுள் இலக்குக்கு மிக அருகில் உள்ளவரைக் கேட்கிறது. அவர் இன்னும் அருகில் உள்ளவரைக் காட்டுகிறார். தொலைவு படிதோறும் பாதியாகக் குறைந்தால், 10 இலட்சம் சகாக்களிடையேயும் சுமார் 20 படிகள் போதும். 2005இல் இம்முறை பிட்டொரெண்ட் மென்பொருள்களில் சேர்க்கப்பட்டது. 2009 நவம்பரில் தி பைரேட் பே தளம் தன் டிராக்கரை நிறுத்தியபோது, அது இனித் தேவையில்லை என்பதற்கு இம்முறையையும் ஒரு காரணமாகக் காட்டியது.

முதல் அறிமுகம்

பட்டியல் பகிரப்பட்ட பின்னரும் முதல் முகவரி எங்கிருந்தோ கிடைக்க வேண்டியிருந்தது. நுட்டெல்லா முகவரிகளைச் சேமித்துத் தரும் தளங்களை நாடியது. பிட்டொரெண்ட் மென்பொருள்கள் எப்போதும் இயங்கும் சில கணினிகளின் பெயர்களைத் தம்முள் கொண்டுள்ளன. 2009இல் தொடங்கிய பிட்காயின் முதலில் ஐஆர்சி அரட்டைத் தடத்தின் வழியே சகாக்களைக் கண்டறிந்தது; பின்னர் தன்னார்வலர்கள் நடத்தும் டிஎன்எஸ் வழங்கிகளுக்கு மாறியது.

இவ்வாறு மையத்தின் பணி, முழுப் பட்டியலைக் காப்பதிலிருந்து முதல் முகவரியைத் தருவதாகச் சுருங்கியது. அந்த வாயில் அடைபட்டால், ஏற்கெனவே இணைந்த சகாக்கள் தொடர்ந்து இயங்கலாம். ஆனால் புதியவர் நுழைவது கடினம். ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்களை வைத்திருப்பதும், முன்பு சந்தித்த சகாக்களின் முகவரிகளைச் சேமித்துக்கொள்வதும் இன்றைய வலையமைப்புகளின் வழக்கமாக உள்ளன.