பயிற்சி கொடுத்தாச்சு, வேலை எங்கே? திருவண்ணாமலை சொல்லும் டைவர்சிட்டி வரலாறு

இன்றைய எபிசோடு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆஃபீஸ்களைப் பற்றியது. ஆனா பெரும்பாலும் பேசப்போவது ஒரு கோயிலைப் பற்றி. குழப்பமா இருந்தா கொஞ்சம் பொறுங்க, ரெண்டும் ஒரு இடத்தில் சேரும்.

நான் சில வருஷம் சென்னையில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சிகளில் வேலை பார்த்தவன். "நம்ம டீம்ல ஏன் எல்லாரும் ஒரே மாதிரி பின்னணியிலிருந்தே வர்றாங்க?" என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான் வரும். "எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல, தகுதியான ஆள்தான் கிடைக்கல." கேட்க நியாயமாத்தான் இருக்கும். சரி, தகுதியான ஆட்களை உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்து, சர்டிஃபிகேட்டும் கையில் கொடுத்துவிட்டால்? அப்போ வேலை கிடைத்துவிடுமா?

தமிழ்நாட்டில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். செய்து பார்த்த ஊர்களில் ஒன்று திருவண்ணாமலை.

கோயில் என்கிற பணியிடம்

அண்ணாமலையார் கோயிலை நாம் கிரிவலம், தீபம், பௌர்ணமிக் கூட்டம் என்றுதான் யோசிப்போம். இன்றைக்கு மட்டும் அதை ஒரு பணியிடமாகப் பாருங்க. சுமார் 25 ஏக்கர் வளாகம், 217 அடி ராஜகோபுரம். உள்ளே அர்ச்சகர், ஓதுவார், மடப்பள்ளியில் சமைப்பவர், பூ கட்டுபவர், நாதஸ்வரம் வாசிப்பவர், தவில் அடிப்பவர், காவல் காப்பவர், கூட்டிப் பெருக்குபவர் என்று எத்தனையோ வேலைகள்.

கார்த்திகை தீபத்தையே எடுத்துக்கொள்ளுங்க. மலை உச்சியில் அந்த மகாதீபத்தை ஏற்றுகிற உரிமை யாருக்கு? பரம்பரையாக அது பர்வதராஜ குலத்தினருக்கு. மீனவ சமூகம். லட்சக்கணக்கான பேர் கைகூப்பி நிற்கும் அந்த நொடியில், விளக்கு அவர்கள் கையில் இருக்கிறது.

ஆக, தலையை மட்டும் எண்ணினால் அந்தக் காலத்திலேயே கோயில் ரொம்ப டைவர்ஸான இடம். பல சாதி, பல தொழில். ஆனா கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் படம் மாறிவிடும். கருவறைக்குள் போய் மூர்த்தியைத் தொட்டுப் பூசை செய்வது யார்? ஆகமப்படி நடக்கும் சிவன் கோயில்களில் அது ஆதிசைவ சிவாச்சாரியார் குடும்பங்களுக்கு மட்டுமான வேலை. வேறு பிரிவைச் சேர்ந்த பிராமணருக்குக்கூட அங்கே இடமில்லை.

எத்தனை வகையான ஆட்கள் இருக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. யார் எந்த அறை வரைக்கும் போகலாம் என்பது வேறு கேள்வி. இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க.

முதலில் வந்தவருக்குக் கதவு, பிறகுதான் வேலை செய்பவருக்கு

கோயில் கதவு இரண்டு கட்டமாகத் திறந்தது. முதல் கட்டம், கும்பிட வருபவர்களுக்கு. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் தலித்துகளும் நாடார்களும் நுழைந்தார்கள். 1947-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது.

சட்டம் வந்தால் எல்லா ஊரிலும் கதவு திறந்துவிடுமா என்றால், இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்திலேயே தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர் என்று ஒரு கிராமம். அங்கே இருக்கும் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போனது 2023 ஜனவரி 30 அன்று. அதுவும் போலீஸ் பாதுகாப்போடு, மாவட்ட நிர்வாகம் முன்னால் நின்று. 1947-க்கும் 2023-க்கும் நடுவில் எத்தனை வருஷம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்க.

இரண்டாவது கட்டம் வேலைக்கானது. இது இன்னும் மெதுவாக நடந்தது. பெரியார் தன் கடைசி வருஷங்களில் விடாமல் பேசியது இதைத்தான். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக வேண்டும் என்றார். 1970-இல் கருணாநிதி அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம், அர்ச்சகர் பதவி அப்பாவுக்குப் பிறகு பிள்ளைக்கு என்று தானாகப் போகும் வாரிசுரிமையை ரத்து செய்தது. அதை எதிர்த்து வழக்கு போட்டார்கள். சேஷம்மாள் வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வாரிசுரிமையை ரத்து செய்தது செல்லும், ஆனால் நியமனம் ஆகமத்தை மீறக்கூடாது. அதாவது, "என் பையனுக்குத்தான் வேலை" என்று கேட்க முடியாது. ஆனா அந்த வேலைக்கு எந்தக் கூட்டத்திலிருந்து ஆள் எடுப்பது என்ற எல்லை அப்படியே இருந்தது.

2007: ஆறு பள்ளிகள்

2006 மே மாதம், தகுதியும் பயிற்சியும் இருந்தால் எந்தச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று தமிழக அரசு அரசாணை போட்டது. நீதிபதி ஏ.கே.ராஜன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2007-இல் ஆறு அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கின. சைவத்துக்கு மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை. வைணவத்துக்கு ஸ்ரீரங்கம், திருவல்லிக்கேணி.

"தகுதியான ஆள் இல்லை" என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான பதில் இருக்க முடியாது. ஆள் இல்லையா? இதோ, நாங்களே தயார் பண்றோம். பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி வீட்டுப் பிள்ளைகள் மந்திரமும் பூசை முறையும் படித்தார்கள். ஆறு பள்ளியிலும் சேர்த்து 200-க்கும் மேற்பட்டவர்கள் பயிற்சியை முடித்தார்கள்.

அப்புறம்? காத்திருந்தார்கள். அரசாணையை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கிடந்தது. 2015 டிசம்பர் 16 அன்றுதான் தீர்ப்பு. அதுவும் நேரடியான 'ஆமாம்' இல்லை. நியமனம் ஆகமப்படி இருக்க வேண்டும், அரசியல் சாசனத்துக்கும் உட்பட்டிருக்க வேண்டும், ஒவ்வொரு நியமனத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். பயிற்சி முடித்தவர்களில் முதல் ஆளுக்கு 2018-இல் மதுரையில் ஒரு ஐயப்பன் கோயிலில் வேலை கிடைத்தது. 20 வயதில் படிப்பை முடித்த ஒருவருக்கு, அந்த முதல் நியமனச் செய்தி வரும்போது கிட்டத்தட்ட 30 வயது. சொந்த வேலைக்கான ஆர்டர் இல்லை, செய்திதான். பத்து வருஷம் குடும்பம் என்ன கேட்டிருக்கும், ஊர் என்ன பேசியிருக்கும் என்று யோசித்துப் பாருங்க.

2021 ஆகஸ்ட் 14 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் 58 அர்ச்சகர்களுக்கு நியமன ஆணை கொடுத்தார். அதில் 24 பேர் அரசுப் பயிற்சிப் பள்ளிகளில் படித்தவர்கள். 2023-இல் மூன்று பெண்கள் ஸ்ரீரங்கம் பள்ளியில் அர்ச்சகர் பயிற்சியை முடித்தார்கள். நியமனங்களை எதிர்த்த வழக்குகள் அதற்குப் பிறகும் தொடர்ந்தன.

இப்போ நம்ம ஆஃபீஸுக்கு வருவோம்

"கோயிலும் ஏஜென்சியும் ஒண்ணா ப்ரோ?" என்று கேட்பீங்க. ஒண்ணு இல்லைதான். கோயில் விஷயத்தில் மத நம்பிக்கை என்று ஒரு வாதம் இருந்தது, அதை அரசியல் சாசனத்தை வைத்துப் பேச வேண்டியிருந்தது. நம்ம ஆஃபீஸுக்கு அந்தச் சாக்குகூடக் கிடையாது. ஆனா ஆள் எடுக்கிற விதத்தில் ஒற்றுமைகள் இருக்கு.

ஒண்ணு, வாரிசுரிமை. தமிழ்நாட்டு அரசு வேலையில் 69 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. தனியார் ஏஜென்சியில் எதுவும் இல்லை. அங்கே பல வேலைகள் ரெஃபரல் மூலமாகத்தான் நிரம்புகின்றன. ரெஃபரலில் வருவது யார்? என் காலேஜ், என் ஏரியா, என் ஃப்ரெண்டோட தம்பி. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனா விளைவு என்னவோ கிட்டத்தட்ட அதே வாரிசுரிமைதான்.

ரெண்டு, எழுதாத ஆகமம். கோயிலில் குறைந்தபட்சம் ஆகமம் என்று ஒரு நூல் இருக்கிறது, கோர்ட்டில் அதை வைத்து வாதாடலாம். நம்மிடம் இருப்பது 'கல்ச்சர் ஃபிட்'. எங்கேயும் எழுதி வைக்காத விதி. இங்கிலீஷ் உச்சரிப்பு கொஞ்சம் வேறாக இருந்தால், திருவண்ணாமலை பக்கத்து அரசுக் கல்லூரியில் படித்திருந்தால், "ஆள் நல்லாத்தான் இருக்காரு, நமக்கு செட் ஆகாது" என்று முடிந்துவிடும். அந்தத் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் போக இடமே இல்லை.

மூணு, கருவறை. டிசைன் பண்ண, ரீல்ஸ் எடிட் பண்ண, கமெண்டுக்குப் பதில் போட எல்லா ஊர்க்காரர்களும் இருப்பார்கள். விளம்பரத்துக்கு 'ஓகே' சொல்கிற அறையில் யார் இருக்கிறார்கள்? 2023 ஜூன் மாதம், உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்கு சொமேட்டோ ஒரு வீடியோ விளம்பரம் வெளியிட்டது. 'லகான்' படத்தில் வந்த கச்ரா என்ற தலித் கதாபாத்திரத்தை, அதே நடிகரை வைத்தே, மறுசுழற்சி செய்த குப்பைப் பொருளாகக் காட்டியது. அவர் மேசையாக, விளக்காக நின்றார். கடும் எதிர்ப்பு வந்ததும் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்த அறையில் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனா "இதைப் பார்க்கும்போது எங்க வீட்டில் எப்படி இருக்கும் தெரியுமா?" என்று சொல்லக்கூடிய ஒருவர், சொன்னால் கேட்கப்படக்கூடிய ஒரு நாற்காலியில் இருந்திருந்தால் அந்த வீடியோ வெளியே வந்திருக்குமா?

கோயில் கதவு திறந்த வரிசையையும் பாருங்க. முதலில் கும்பிட வந்தவர்களுக்கு, ரொம்பக் காலம் கழித்து வேலை செய்பவர்களுக்கு. நம்ம துறையும் அதே வரிசையில்தான் நிற்கிறது. கஸ்டமராக எல்லாரையும் டார்கெட் பண்ணுகிறோம், செங்கம் வரைக்கும் போளூர் வரைக்கும் விளம்பரம் போகிறது. டீமுக்குள் அந்த ஊர் இல்லை.

திருவண்ணாமலைப் பள்ளியில் படித்தவர்களின் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். பயிற்சியை மட்டும் கொடுத்துவிட்டு வேலையைக் கொடுக்காமல் விடுவது ஒருவரின் பத்து வருஷத்தைச் சாப்பிட்டுவிடும். இலவச டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ் நடத்துகிற கம்பெனிகளை இனிமேல் பார்த்தால் ஒரு கேள்வி கேளுங்க: "முடிச்சவங்களுக்கு எத்தனை போஸ்ட் ஒதுக்கி வெச்சிருக்கீங்க?" முதலில் நாற்காலி, பிறகு கோர்ஸ். அந்த வரிசை மாறினால் சர்டிஃபிகேட் வெறும் காகிதம்.

திங்கட்கிழமை ஆஃபீஸ் போகும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்க. உங்க டீமில் கடைசியாகச் சேர்ந்த ஐந்து பேர் எந்த வழியாக வந்தார்கள் என்று விசாரியுங்க. ஐந்து பேரும் ரெஃபரல் என்றால், அடுத்த காலியிடத்தையாவது வெளியே விளம்பரம் செய்யச் சொல்லி ஹெச்.ஆரிடம் கேளுங்க. விளம்பரம் செய்வதுதானே நம்ம தொழிலே!

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.