மார்பில் அறைந்த சொல்

ஃபேன் சுற்றவில்லையென்றால் ‘ஃபேன் கம்ப்ளெயின்ட்’ என்றும், காபியில் சர்க்கரை குறைந்தால் ‘எப்போதும் ஏதாவது கம்ப்ளெயின்ட்’ என்றும் நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகப் புழங்குகிற இந்த ஆங்கிலச் சொல், பிறந்த காலத்தில் இத்தனை அற்ப விஷயங்களுக்கு உரியதாக இருக்கவில்லை.

லத்தீன் மொழியில் ‘பிளாங்கெரே’ என்றொரு வினைச்சொல் உண்டு. அடித்தல், அறைதல் என்பதே அதன் ஆதி அர்த்தம். அலை வந்து கரையை அறைவதையும் லத்தீன் கவிகள் அந்த வினையாலேயே பாடினார்கள். பிணத்தின் முன் தலைவிரி கோலமாக நின்று மார்பில் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டு அரற்றும் செயலுக்கும் அதே சொல் பெயராயிற்று. கி.மு. 450ஐ ஒட்டி இயற்றப்பட்ட ரோமாபுரியின் பன்னிரண்டு பலகைச் சட்டம், ஈமச் சடங்கில் ஸ்திரீகள் கன்னத்தைப் பிறாண்டிக்கொள்ளலாகாது என்று விதிக்க நேர்ந்ததென்றால், அக்காலத்துப் பிரலாபம் எவ்வளவு உக்கிரமாக இருந்திருக்க வேண்டும்! அந்த வினையோடு ‘கோம்’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து, பிரெஞ்சு பாஷையின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததே ‘கம்ப்ளெயின்’. அடி என்று பொருள்படும் ‘பிளாகா’விலிருந்து வந்த ‘பிளேக்’ நோயின் பெயரும் இதற்குத் தாயாதிதான்.

பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவி சாசர் இயற்றிய புலம்பற் பாட்டுகளுக்குக் ‘கம்ப்ளெயின்ட்’ என்றே பெயர். அவற்றுள் ஒன்று, காலியாகிவிட்ட தம் பணப்பையையே காதலியாக விளித்து, மீண்டும் கனமாகிவிடு என்று மன்றாடுவது. 1399இல் பட்டமேறிய நான்காம் ஹென்றி அரசருக்கு விண்ணப்பமாகவே அது முடிகிறது. அழுகை மனுவாகிற அந்த இடந்தான் இச்சொல்லின் சரித்திரத்திலும் முக்கியமான திருப்பம். ஏனெனில், நார்மானியர் 1066இல் இங்கிலாந்தை ஜயித்தபின் நியாயஸ்தலங்களில் பிரெஞ்சு புகுந்து, வழக்கின் முதற்பத்திரம் ‘பிளெயின்ட்’ என்றும், வாதி ‘பிளெயின்டிஃப்’ என்றும் பெயர் பெற்றிருந்தன. சோகக் குரலைக் குறிக்கும் ‘பிளெயின்டிவ்’ என்பதும் அதே சொல்லே. 1999இல் இங்கிலாந்து, எளிமை கருதி, வாதியின் அப்பழம்பெயரை நீக்கி, உரிமை கோருபவர் என்ற பொருளில் வேறு சொல்லை வைத்துக்கொண்டது. எனக்கு அதில் சம்மதமில்லை. உரிமை கோருபவர் என்னும்போது வரவேண்டிய பாக்கி தெரிகிறதே யன்றி, அடிபட்ட மனிதன் தெரிவதில்லை.

நம் தேசத்திலோ 1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம் பழைய சொற்களையே காத்து வருகிறது. அந்தப் ‘பிளெயின்ட்’டுக்குத் தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் வழங்கும் பெயர் பிராது. வாதி இன்னார், பிரதிவாதி இன்னார், வழக்கு மூலம் எழுந்த தேதி இன்னது, வேண்டும் பரிகாரம் இன்னது என்று வக்கீல் குமாஸ்தா வரிசையாக எழுதி ஸ்டாம்பு ஒட்டும் அந்தக் காகிதத்தின் பெயர், ‘ஃபரியாத்’ என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு. அபயம் வேண்டி உரக்கக் கதறுவது என்பதே அதற்கும் பொருள்.