காவோலையும் குருத்தோலையும்

காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம்! நம் பாட்டிமார் சொல்லிவரும் பழமொழி இது. முதுமையைக் கண்டு நகைக்கும் இளமைக்கு, "உனக்கும் ஒரு நாள் இதே கதிதான்" என்று எச்சரிக்கை தருவது. ஆனால் அந்தப் பழமொழிக்குள்ளே பொருளாதாரக் கேள்வியொன்றும் புதைந்து கிடக்கிறது. காவோலை விழுவதால்தானா குருத்தோலை கிளம்புகிறது? பழைய ஓலையை வெட்டி எறிந்துவிட்டால், பனை இரண்டு குருத்து கூடுதலாகவா தரும்? வேரும் நீரும் மண்ணும் தரும் வளத்தால் அல்லவா குருத்து வளர்கிறது!

இது நம்மைச் சுடுகின்ற கேள்வி. 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஊழியரின் ஓய்வு வயது 58லிருந்து 59 ஆயிற்று. 2021இல் 60 ஆயிற்று. பட்டச் சுருளைக் கையிலேந்திப் பணிக்குக் காத்துக் கிடக்கும் இளைஞர் உள்ளத்திலே எரிச்சல் மூண்டது. "பெரியவர்கள் எழுந்திருக்கமாட்டார்களா? எங்களுக்கு நாற்காலி கிடைக்காதா?" என்று கேட்டனர். பசித்தவன் பந்தியைப் பார்த்துப் பேசுவது இயற்கை. பழிக்க யாருக்கும் உரிமையில்லை. நானும் அந்த வயதினனே. என் வகுப்பறையில் அமர்ந்திருப்போர், நாளை அந்த வரிசையிலே நிற்கப் போகிறவர்கள். ஆகவேதான், ஆத்திரத்தைச் சற்றே அடக்கி வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம் என்கிறேன். மூத்தவர் விலகினால் இளையவர்க்கு வேலை எனும் மருந்தைப் பல நாடுகள் உட்கொண்டு பார்த்துவிட்டன. நோய் தீர்ந்ததா?

ஓய்வூதியம் பிறந்த கதையிலிருந்து தொடங்குவோம். 1889இல் ஜெர்மன் நாட்டின் பிஸ்மார்க், தொழிலாளரிடையே வளர்ந்து வந்த சமதர்மக் கட்சியின் செல்வாக்கைக் குறைக்க எண்ணி, முதியோர் ஓய்வூதியச் சட்டத்தைக் கொணர்ந்தார். தொழிலாளியும் முதலாளியும் சந்தா செலுத்தினர். அரசும் ஒரு பங்கு தந்தது. வயது வரம்பு 70. அந்நாளில் எழுபதைக் கண்ட தொழிலாளர் எத்தனை பேர் இருந்திருப்பர்! 1916இல்தான் அது 65 ஆகக் குறைந்தது. கொடுத்தவரின் நோக்கம் அரசியலாயினும், பெற்றவனுக்குக் கிடைத்தது உரிமை. உழைத்துத் தளர்ந்தவன் பிச்சைப் பாத்திரம் ஏந்தாதிருக்கத் தரப்பட்டது அது. இளையவனுக்கு இடம்விடச் சொல்லித் தரப்பட்ட கையூட்டு அன்று.

நோக்கம் மாறியது 1970களில். 1973இல் எண்ணெய் விலை திடீரென ஏறியது. மேற்கு ஐரோப்பியத் தொழிற்கூடங்கள் தடுமாறின. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. படித்த இளைஞர் வீதியில் நின்றனர். ஆட்சியாளருக்கு ஓர் எளிய வழி தோன்றிற்று. பெல்ஜியம் 1974இல் முன்கூட்டிய ஓய்வுக்கு ஏற்பாடு செய்தது. பிரிட்டன் 1977இல் ஒரு திட்டம் வகுத்தது: மூத்த தொழிலாளி விலகினால் அவருக்கு உதவித்தொகை, அவர் விலகியதையொட்டி வேலையற்ற ஒருவரை முதலாளி அமர்த்தவேண்டும் என்பது நிபந்தனை. பிரெஞ்சு நாட்டிலே, 1981இல் பதவியேற்ற மித்தரான் ஆட்சி, 1982 மார்ச்சில் ஆணை பிறப்பித்து, ஓய்வு வயதை 65லிருந்து 60 ஆக்கிற்று. ஜெர்மனி 1984இல், 58 வயதிலேயே விலகுவோர்க்குச் சலுகை தரும் சட்டம் செய்தது.

மருந்து வேலை செய்தது, ஒரு பக்கத்தில் மட்டும்! மூத்தவர் விலகினர், உண்மை. 1960களின் தொடக்கத்தில், 60 முதல் 64 வயது வரையுள்ள ஆடவரில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் பெரும்பாலான மேலை நாடுகளில் உழைப்பாளர் வரிசையில் இருந்தனர். 1990களின் நடுவிலே பெல்ஜியம், பிரான்சு, இத்தாலி, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் அது நூற்றுக்கு 20க்கும் கீழே சரிந்தது. இவ்வளவு நாற்காலிகள் காலியாயினவே, இளையவர் அமர்ந்தனரா? இல்லை, தோழர்களே! பிரெஞ்சு நாட்டு இளைஞரின் வேலையின்மை 1980களின் நடுவிலே குறையவில்லை, கூடிற்று. பிரிட்டன் 1988இல் தன் திட்டத்தை மூடிற்று. அதே ஆண்டோடு ஜெர்மானியச் சலுகையும் முடிந்தது. பின்னர், ஜோனதன் குரூபர், டேவிட் வைஸ் எனும் இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் முன்னின்று 12 நாடுகளின் கணக்குகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். 2010இல் வெளிவந்த அந்த ஆய்வு, மூத்தவர் வேலையில் இருப்பது இளையவரின் வேலையைப் பறிக்கிறது என்பதற்குச் சான்றில்லை என்று கூறிற்று.

ஏன் இப்படி? காரணம் காண்பது கடினமன்று. நாட்டிலுள்ள வேலை ஒரு பானைச் சோறு, ஒருவர் எழுந்தால்தான் மற்றவர் உண்ணலாம் என்ற எண்ணமே அந்த மருந்தின் மூலிகை. 1891இலேயே டேவிட் ஷ்லாஸ் எனும் ஆங்கிலேயப் பொருளியலறிஞர் இது பிழை என்று எழுதினார். மற்றவனுக்கும் வேலை மிஞ்சட்டும் என்று எண்ணித் தன் கையை மெதுவாக ஓட்டிய தொழிலாளியைக் கண்டு அவர் எழுதியது அது. நல்ல நெஞ்சம்தான், ஆனால் கணக்கு தவறு. வேலை, பானைச் சோறன்று, வயல். ஒருவன் பெறும் ஊதியம் துணிக்கடைக்குச் செல்கிறது, தையற்காரனுக்குச் செல்கிறது, வீடு கட்டும் கொத்தனுக்குச் செல்கிறது. அவன் ஊதியம் நின்று அரை ஊதியமானால், அந்தக் கடைகளிலும் அரைப்பங்கு வணிகம் நின்றுபோகிறது. அங்கே வேலைக்குச் சேரவேண்டிய இளைஞன் வாயிலிலேயே நிற்கிறான்.

இன்னொன்று. விலகியவருக்குத் தரும் தொகை வானத்திலிருந்து பொழிவதில்லை. வேலையில் இருப்போரின் சந்தாவும் வரியுமே அந்தத் தொகை. சந்தா ஏற ஏற, புதிதாக ஒருவனை அமர்த்த முதலாளிக்கு ஆகும் செலவும் ஏறுகிறது. அவன் அமர்த்தத் தயங்குகிறான். இளையவனுக்கு இடம் வேண்டும் என்று தொடங்கிய திட்டம், இளையவனையே விலையேறிய பண்டமாக்கிவிட்டது! கொடுத்ததைத் திரும்பப் பெறுவதோ எளிதன்று. பிரெஞ்சு அரசு 2010இல் வயதை 62 என்றது. 2023இல் 64 என்று சட்டம் செய்தபோது, ஒரே நாளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீதியில் திரண்டனர்.

"ஐரோப்பாக் கதை நமக்கு எதற்கு?" என்பீர்கள். அண்டை மாநிலத்தின் கதையைக் கேளுங்கள். 1983 சனவரியில் ஆந்திரத்தில் என்.டி. ராமராவ் ஆட்சி அமைந்தது. அடுத்த மாதமே ஓய்வு வயது 58லிருந்து 55 ஆக வெட்டப்பட்டது. அரசு ஊழியர் 18,000 பேருக்கு மேல், பொதுத்துறையினர் 10,000 பேர், எதிர்பாராத வேளையிலே வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். படித்து வேலையின்றி நிற்கும் இளைஞர்க்கு வழிவிட என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஐம்பத்தைந்து வயது எத்தகைய வயது! மகன் கல்லூரியில் இருப்பான். மகளுக்கு மணம் முடிந்திராது. வீட்டுக் கடன் பாதிதான் தீர்ந்திருக்கும்.

அந்த ஏற்பாட்டிலே ஒளிந்திருந்த கணக்கையும் பாருங்கள். வயதை மூன்றாண்டு குறைத்தால், மூன்றாண்டுக்கு உரியோர் ஒரே மூச்சில் வெளியேறுவர். அந்த ஆண்டு இடங்கள் குவியும். அடுத்த ஆண்டிலோ, முன்போலவே ஓராண்டுக்கு உரியோர் மட்டுமே விலகுவர். ஒரு முறை பெய்து ஓய்ந்த மழை அது, ஊற்று அன்று. ஆனால் அரசின் கருவூலமோ, போனவருக்கு ஓய்வூதியமும் வந்தவருக்கு ஊதியமுமாக இரட்டைச் செலவைச் சுமக்கவேண்டும். 1984 ஆகஸ்டிலேயே வயது மீண்டும் 58 ஆக்கப்பட்டது. வயதைக் குறைத்தது செல்லும் என்று உச்சநீதிமன்றம் 1985 சனவரியில் தீர்ப்பளித்தது மெய்யே. ஆயினும், இடையில் அனுப்பப்பட்டவர்க்கு மட்டும் புதிய சலுகை இல்லை என்று அரசு சொன்னதை, அதே ஆண்டு ஆகஸ்டில் அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. 58 நிரம்பாதோரைத் திரும்ப அழைக்கவும், நிரம்பிவிட்டோர்க்கு ஈடு தரவும் வழி பிறந்தது. வெட்டிய ஓலையைப் பனையிலே திரும்ப ஒட்டும் வேலை!

ஓய்வு வயதை வெட்டுவது பழைய முறை. பணம் தந்து, "விருப்ப ஓய்வு" என்று பெயரிட்டு அனுப்புவது புதிய முறை. பாரத் சஞ்சார் நிகாம் எனும் அரசுத் தொலைபேசி நிறுவனத்தில், 50 வயதைக் கடந்தோர்க்கு 2019 நவம்பரில் அழைப்பு விடுக்கப்பட்டது. 78,569 பேர் இசைந்தனர். 2020 சனவரி 31 அன்று விடைபெற்றனர். மொத்த ஊழியரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில்! சம்பளச் சுமையால் நிறுவனம் தள்ளாடியது உண்மை. சுமை குறைந்ததும் உண்மை. ஆனால் இங்கே இளையவனுக்கு நாற்காலி என்ற பேச்சே இல்லை. நாற்காலியையே தூக்கிவிட்டனர். கணக்கேட்டில் சம்பளம் எழுதப்படும் பக்கம் உண்டு. ஒரு கம்பத்தின் குறையைக் காதால் கேட்டறியும் திறமையை எழுதப் பக்கம் இல்லை. ஆகவே வரவு மட்டும் தெரிந்தது, இழப்பு தெரியவில்லை.

அந்த இழப்பு எத்தகையது? அமெரிக்காவில் நடந்ததொன்று சொல்வேன். அணுகுண்டுக்கு வேண்டிய ஒரு பொருளை, 'ஃபாக்பேங்க்' எனப் பெயரிட்டு, டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜில் செய்து வந்தனர். 1989இல் செய்வது நின்றது. 2000க்குப் பின் மீண்டும் தேவைப்பட்டபோது, செய்முறை தெரிந்தோர் ஏறத்தாழ அனைவரும் ஓய்வு பெற்றோ விலகியோ போயிருந்தனர், குறிப்புகளும் போதவில்லை. உலகின் பெருஞ்செல்வ நாடு, தான் செய்த பொருளைத் தானே செய்யத் தெரியாமல், ஆண்டுக்கணக்கில் கோடிக்கணக்கான டாலரைச் செலவிட்டுத் தவித்தது. வேடிக்கை என்னவெனில், புதிய முறையிலே பொருளை நன்றாகத் தூய்மை செய்தனர். பழைய பொருளிலே கலந்திருந்த ஓர் அழுக்கே அதற்கு இன்றியமையாததாக இருந்திருக்கிறது! பழைய கைகளும் அதை அறிந்து செய்ததில்லை, பழக்கத்தால் செய்தன. குண்டு மறைந்துபோனால் நமக்குக் கண்ணீர் இல்லை. குண்டுக்கு நேர்ந்தது நாளை குடிநீர்க் குழாய்க்கும், மின் நிலையத்துக்கும், மருத்துவமனைக்கும் நேராதா என்பதே நம் கவலை.

இதனால், எவரும் ஓய்வே பெறக்கூடாது என்று வாதிடுவதாக எண்ணிவிடாதீர்கள். சுரங்கத்தின் இருளிலே நுரையீரலைக் கொடுத்தவனும், சாக்கடையிலே இறங்கியவனும், செங்கல் சுமந்து முதுகு வளைந்தவனும், ஐம்பதிலேயே ஓய்வு கேட்டால் அது நியாயம்; கொடுக்காதது கொடுமை. நம் நாட்டு வயல்களிலே நாற்று நடும் மூதாட்டிக்கு எந்தச் சட்டம் ஓய்வு வயது குறித்தது? அவள் எழுபதிலும் குனிகிறாள். தளர்ந்தவள் உழைத்துச் சாக, வல்லவர் துரத்தப்படுவது எந்த ஊர் முறை? ஓய்வு வேறு, வெளியேற்றம் வேறு. முன்னது கேட்டுப் பெறும் உரிமை. பின்னது பிறர் வசதிக்காகக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது, மாலை போட்டுத் தள்ளினாலும்!

வேறு வழி உண்டா? உண்டு. ஜப்பான் நாட்டிலே, போருக்குப்பின் 1947 முதல் 1949 வரை பிறந்த பெருந்தலைமுறை 2007இல் அறுபதை எட்டத் தொடங்கும் என்று முன்னதாகவே கணித்தனர். தொழில்நுட்பம் அவர்களோடு போய்விடுமே என்று அஞ்சினர். 2006 முதல், விரும்புவோர்க்கு 65 வரை படிப்படியாக வேலை தரும் கடமையை முதலாளிகள் மீது சட்டம் சுமத்திற்று. ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் ஊரிலுள்ள பி.எம்.டபிள்யூ. ஆலை 2007இல் ஒரு சோதனை நடத்திற்று. சராசரி வயது 47 ஆக இருக்கும்படி 42 பேரைக் கொண்ட வரிசை ஒன்றை அமைத்தனர். மரத்தளம் போட்டனர், அமர்ந்து வேலை செய்ய இருக்கை தந்தனர், கண்ணுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி தந்தனர், இப்படிச் சிறு மாற்றங்கள் 70. கருவிகளுக்கான செலவு ஏறத்தாழ 20,000 யூரோதான். ஓராண்டில் உற்பத்தித் திறன் நூற்றுக்கு 7 கூடிற்று. மனிதனை மாற்றவில்லை, நாற்காலியை மாற்றினர், ஆலை வென்றது.

ஆகவே, இளைய தோழனே! உன் பகைவன் அந்த முதியவர் அல்லர். அவரும் நீயும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கும் வரையில், புதிய ஆலை ஏன் எழவில்லை என்று எவரும் கேட்கமாட்டார். நிரப்பாமல் விட்ட பணியிடங்கள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்று எவரும் கேட்கமாட்டார். அந்தக் கேள்விகளைக் கேள்! அத்தோடு இன்னொன்றும் கேள். ஒவ்வொரு மூத்த தொழிலாளியின் அருகிலும், அவர் விடைபெறுவதற்கு ஈராண்டு முன்பே ஓர் இளையவனைச் சம்பளம் தந்து அமர்த்தவேண்டும். அவர் கை செய்வதை உன் கண் கற்கட்டும். உன் கை செய்வதை அவர் கண் திருத்தட்டும். அதன்பின் அவர் மனநிறைவோடு வீடு செல்லட்டும். பனையிலே காவோலையும் குருத்தோலையும் ஒரே மரத்தில், ஒரே நேரத்தில்தான் இருக்கின்றன. மரம் வாடாதிருக்கிறதா என்பதை இருவரும் சேர்ந்து பார்க்கவேண்டும்.